புள்ளி காட்டிய இடம்

மகள் இறந்தபின் வந்த முதல் கல்லறைத் திருநாளன்று ஜெசிந்தாவின் கைபேசிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வந்தன. நகரத்தில் இப்போது கல்லறைத் தோட்டம் கிடையாது. மாநகராட்சிக்காரர்கள் சாம்பல் டப்பாவை எங்காவது தரைக்கடியில் பதித்துவிட்டு எண்களை அனுப்புவார்கள்.

வரைபடம் அவளையும் கணவன் மரியதாஸையும் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு அழைத்துப்போனது. சிவப்புப் புள்ளி காட்டிய இடத்தில் ஒரு கார் நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கினான்.

"வண்டிய எடுக்கணுமாம்மா?"

"இருக்கட்டும் தம்பி."

அவள் முந்தானையால் பானெட்டைத் துடைத்து, அதன்மேல் சாமந்திப் பூக்களை வைத்தாள். மெழுகுவத்தி ஏற்ற அங்கே அனுமதியில்லை.

வெளியே வந்ததும் கைபேசி, 'இந்த இடம் எப்படி இருந்தது?' என்று கேட்டது. மரியதாஸ் ஐந்து வெற்று நட்சத்திரங்களையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அஞ்சும் போட்டுடுங்க," என்றாள் ஜெசிந்தா. "பாப்பா மேல மழை படாது."