தட்டில் வைத்துக் காட்டுவார்கள்

ஒசாகா ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கால் மணி நேரமே இருந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த இசாமுவின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சதோகோ.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? இந்தாங்க, உறிஞ்சுங்க" என்று மூச்சுப் பயிற்சிக் கருவியை நீட்டினாள்.

உறிஞ்சினார். அதற்குள் இருந்த மூன்று பந்துகளில் ஒன்று மட்டும் அரைமனதாக எழுந்து உட்கார்ந்தது.

"நுரையீரல்ல ரெண்டே புள்ளிதான். குடல் புற்றுநோய் அங்கேயும் போய்க் குடியேறியிருக்கு. ஓரமா நறுக்கி எடுத்துடுவேன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"நறுக்கட்டும். நறுக்கினதைத் தட்டுல வச்சுக் காட்டுவாங்களே."

"காட்டாம இருப்பாங்களா? போன வருஷம் குடலை வெட்டினப்பவும் காட்டினாங்களே."

"அதை ஞாபகப்படுத்தாதே. அன்னிலேருந்து பீருக்குத் தொட்டுக்கச் சுட்ட மாட்டுக்குடலை நான் தொட்டிருக்கேனா?"

"நுரையீரல் உங்களுக்கு எப்பவுமே பிடிக்காது. இந்தத் தடவை நஷ்டமில்ல."

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இசாமு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சதோகோ எழுந்து, தன் ஆபரேஷன் அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"நான் நடந்தே வர்றேம்மா. நாற்காலி இவருக்குத்தான் கேட்டேன். போன வருஷம் என் குடலைப் பாத்துட்டு மயங்கி விழுந்த மனுஷன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அந்தக் கருவியைக் கீழ வைக்காதீங்க. நான் வர்றதுக்குள்ள ரெண்டாவது பந்தையாவது தூக்கிக் காட்டணும்."