எந்திரம் அறியாத புரட்டாசி

கோழி பீட்சா விற்பனை அடியோடு விழுந்ததும், நாமக்கல் கடைக்கு மேலாளராக இருந்த எந்திரம் சுவரிலிருந்து பேசியது. "கிளை தோற்றுவிட்டது. உரிமத்தை ரத்து செய்கிறேன்."

"இது புரட்டாசிங்க. பாதி ஊரு கறி தொடாது. ஐப்பசி பொறக்கட்டும், பாருங்க," என்றாள் கடையை எடுத்து நடத்தும் பூங்கோதை.

"ஆதாரம்?"

"நாந்தான் சொல்றேனில்ல!"

எந்திரம் கொஞ்சம் யோசித்தது. "ஐப்பசி முதல் தேதி வரை பொறுக்கிறேன்."

அவள் கணவர் தங்கராசு பொறுக்கவில்லை. "இந்தக் கடை நமக்கு எதுக்கு அம்மிணி? விட்டுப்போடலாம்."

ஐப்பசி பிறந்தது. பூங்கோதை கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. எந்திரம் ரத்து உத்தரவை அழித்தது.

வரிசையில் முதல் ஆள் தங்கராசு.

"கடைய விடறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் அம்மிணி," என்றார். "மொதல்ல ஒரு கோழி பீட்சா குடு. பெருசு."