தட்டில் ஒரு போல்ட்டு

பைக்கின் கிளட்ச் மூடியைப் பூட்டிவிட்டு, நிம்மதியாகக் கையைத் துடைக்கப் போன அய்மான், கழற்றியதையெல்லாம் போட்டுவைத்த தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டான். தட்டில் இன்னும் ஒரு போல்ட்டு கிடந்தது.

"எங்கேர்ந்து வந்து தொலைச்சே நீ?" என்று அதைப் பார்த்து முணுமுணுத்தான். போல்ட்டு எங்கே பதில் சொல்லப் போகிறது?

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அந்த பைக் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்த ஆறு பேருக்கு ஆறு பழைய பைக்குகள். கிளட்சைப் பிரித்து, பிளேட்டை மாற்றி, மூடி, வண்டியை ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். அதுதான் இன்டர்வியூ.

அய்மான் ஏறி இறங்காத ஒர்க்‌ஷாப் இல்லை. தாம்பரத்தில் ஒருவர், "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்றார். "வேலை குடுத்தாத்தானே சார் எக்ஸ்பீரியன்ஸ் வரும்?" என்று கேட்டதற்கு, வாய் நீளம் என்று அனுப்பிவிட்டார். மாடம்பாக்கத்தில் சேர்த்துக்கொண்டவர், மழைக்காலம் முழுக்க ஸ்பேனரையே கண்ணில் காட்டாமல் வண்டி கழுவ விட்டார்.

காலையில் கிளம்பும்போது அத்தா முடிவாகச் சொல்லிவிட்டார். "இதுவும் இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கடைக்கு வந்துடு."

படப்பையில் அவர்களுக்கு மெத்தைக் கடை. பஞ்சைக் கண்டாலே அய்மானுக்குத் தும்மல். இன்ஜினைப் பிரித்துப் பூட்டப் படித்துவிட்டு, காலமெல்லாம் மெத்தையைத் தட்டிக் காட்டி விற்பதா? நினைத்தாலே அழுகை வந்தது.

மூடியை மறுபடியும் கழற்றினான். உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங்காக அமுக்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் போல்ட்டு இருந்தது. மூடியைச் சுற்றியும் ஒரு துளைகூடக் காலியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பூட்டினான். தட்டில் அதே போல்ட்டு.

"சே!" என்று ஸ்பேனரைக் கீழே போட்டான்.

ஒர்க்ஸ் மேனேஜர் பக்தவச்சலத்தைக் குறை சொல்ல முடியாது. தங்கமான மனிதர், யாரையும் விரட்டவில்லை. ஆறு பேரும் பிரித்து முடித்த நேரம் பார்த்து, "வெளியே டீ சொல்லியிருக்கேன், போய்க் குடிச்சிட்டு வாங்கப்பா" என்று அனுப்பிவைத்தார். இன்டர்வியூவில் டீ வாங்கிக் கொடுக்கிற ஆளை அய்மான் அன்றைக்குத்தான் பார்த்தான். அந்த டீதான் கெடுத்தது, திரும்பி வருவதற்குள் எது எங்கே இருந்தது என்பதே மறந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டான்.

பக்கத்து வண்டி தீனாவுடையது. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. வேலையை எப்போதோ முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா மச்சான், இன்னும் கழட்டிகினே கீற?"

"ஒரு போல்ட்டு மிச்சம்டா. எங்க விட்டேன்னே தெரியல."

தீனா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பாக்கெட்ல போட்டுகினு போயிகினே இரு. வண்டி ஸ்டார்ட் ஆவுதா? அவ்ளோதான் மேட்டரு."

"ஓட்டறவன் நடுரோட்டுல நின்னுட்டா?"

"இந்த டப்பாவ எவன்டா ஓட்டப் போறான்? பேஜார் பண்ணாத."

இன்னொரு முறை கழற்றலாம்தான். ஆனால் மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் அட்டை இனித் தாங்காது. அது கிழிந்தால் ஆயில் ஒழுகும், ஆயில் ஒழுகினால் வேலையும் ஒழுகிவிடும். அதற்குள் பக்தவச்சலம் முதல் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டே வர ஆரம்பித்துவிட்டார்.

அய்மான் போல்ட்டை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். படித்த படிப்புக்கு இதைவிட அசிங்கம் வேண்டாம் என்று மனசு திட்டியது. திட்டினால் திட்டட்டும் என்று நின்றான்.

ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் ஆனது. ஒவ்வொருவரிடமும் பக்தவச்சலம் ஒரே கேள்விதான் கேட்டார். "எல்லாம் மாட்டியாச்சா? மிச்சம் ஒண்ணும் இல்லையே?"

ஒவ்வொருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "இல்ல சார்." தீனா கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

கடைசியில் அய்மானிடம் வந்தார். ஒரே உதையில் வண்டி உயிர் பெற்றது. கிளட்சைப் பிடித்து, கியர் போட்டு, விட்டுப் பார்த்தார். இன்ஜின் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"சத்தம் சுத்தமா இருக்கு. இருக்கிறதுலேயே நல்ல வேலை உன்னோடதுதான் தம்பி."

அய்மானுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அவன் வேலையை நல்ல வேலை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

அவர் குனிந்து காலித் தட்டைப் பார்த்தார். "மிச்சம் ஒண்ணும் இல்லையே?"

அய்மான் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். சொல்லிவிடலாமா? சொன்னால் திங்கட்கிழமை மெத்தைக் கடை.

"இல்ல சார்."

பக்தவச்சலத்தின் முகம் ஏனோ வாடிப் போனது. ஆறு பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து அவர்கள் முன்னால் நீட்டினார்.

"ஒவ்வொரு தட்டுலயும் நான் எக்ஸ்ட்ராவா போட்ட போல்ட்டை இதுல போட்டுட்டு, வீட்டுக்குக் கிளம்புங்கப்பா."