தெய்வத்திரு போட முடியாது

மகளின் கல்யாணப் பத்திரிகையில் கணவர் ஆவுடையப்பன் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போடச் சொன்னாள் பொற்கொடி. அச்சகக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“இறந்தவங்க அனுமதி இல்லாம இறந்த சேதியை வெளிய சொன்னா ஜெயில்தாம்மா. அவரோட கைரேகை வாங்கிட்டு வாங்க, போட்டுத் தாரேன்.”

அவர் போன எட்டு மாதமாக எல்லா இடத்திலும் இதே பதில்தான். இறப்புச் சான்றிதழைப் பதிவாளர் உறையில் போட்டு ஒட்டி நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பினார். மனைவி கண்ணில்கூடக் காட்டவில்லை. அதை வைத்து உறுதிசெய்த அவருடைய உயிலை மட்டும் நீதிமன்றம் வழக்கம்போல ஊரே படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டது. “வீட்ட அண்ணனுக்குக் குடுக்காம ஒங்களுக்கே எழுதிட்டாராமேக்கா” என்று கீரைக்காரிகூட விசாரித்தாள்.

கல்யாணத்தன்று பொற்கொடி பெரிய குங்குமப் பொட்டோடு, மகளைத் தாரை வார்க்க மேடையேறினாள். வீடு கைநழுவிய எரிச்சலில் இருந்த கணவரின் அண்ணன் சங்கரபாண்டியன் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

“நீ அங்க நிக்கலாமா? எறங்கு.”

பொற்கொடி பத்திரிகையை நீட்டினாள். அதில் ஆவுடையப்பன் உயிரோடு இருப்பவராகவே எல்லாரையும் அழைத்திருந்தார்.

“ஏன் நிக்கக்கூடாது மாமா? காரணத்தைச் சொல்லுங்க. மைக் தரச் சொல்லட்டுமா?”

சங்கரபாண்டியன் வாயைத் திறந்தார். வீடியோ கேமரா அவர் பக்கம் திரும்பியது.

“தம்பி ஒரு வேலையா வெளியூர் போயிருக்கான்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.