பாலனுக்கு ஒரு நற்சான்று

"டீச்சர், அப்போ 'ஹார்ட்லி'ன்னா கடுமையான்னு அர்த்தம் இல்லையா?"

கேட்டுவிட்டு சுகுமாறன் எழுந்தே நின்றுவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், பெரியவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. சுகுமாறன் கிள்ளானில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கொமுட்டர் ரயிலேறி வந்து போகிறார். சேர்ந்து மூன்று வாரமாகிறது. இதுவரை வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

"இல்ல அங்கிள்," என்றாள் ஆசிரியை ரேஷ்மா. "ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி. இதுக்கெல்லாம் 'லி' சேர்த்தா அட்வெர்ப் ஒழுங்கா வந்துடும். இந்த ஹார்ட் மட்டும் சொன்ன பேச்சு கேக்காது. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்'னா கடுமையா உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்'னா வேலையே செய்யறதில்லன்னு அர்த்தம்."

"ஐயையோ! பாலன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே!"

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பாலன் எங்க கடைல வேலை செய்யறவன் டீச்சர். முப்பத்தஞ்சு வயசு. காஜாங்ல புதுசா தொறந்த ஹோட்டல்ல கிச்சனுக்கு ஆள் எடுத்தாங்க. நான்தான் என் கைப்பட லெட்டர் எழுதிக் கொடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

ரேஷ்மா வாங்கிப் படித்தாள். நான்கே வரி.

'பாலன் ஹார்ட்லி வொர்க்ஸ். ஹி இஸ் ஆல்வேஸ் லேட். ஹி ஆஃபன் டிஸப்பியர்ஸ். கஸ்டமர்ஸ் நெவர் ஃபர்கெட் ஹிம்.'

சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள், எப்பவும் லேட்டுதான்னு எழுதியிருக்கீங்க."

"கடை சாத்துற வரைக்கும் நிப்பான், அதைச் சொல்ல வந்தேன் லா."

"அடிக்கடி காணாமப் போயிடுவாராம்?"

"டெலிவரிக்குப் போவான் டீச்சர்."

"கடைசி வரி ஒண்ணுதான் தேறுது. கஸ்டமர்ஸ் அவரை மறக்கவே மாட்டாங்க."

"எங்க மறக்கறது!" என்று பெருமூச்சு விட்டார் சுகுமாறன்.

"இவ்வளவு வேண்டப்பட்டவர் போயிட்டா உங்க கடைக்குக் கஷ்டமா இருக்காதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் தாங்கிக்குவேன். அவன் நல்ல எடமாப் பாத்துப் போய்ச் சேரணும். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா காலம் பூரா எங்க கடையிலேயே கெடக்க வேண்டியதுதான்."

ரேஷ்மாவுக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. அவள் அப்பா பந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஸ்டோர் பார்த்தவர். விலகி வந்தபோது முதலாளி ஒரு வரி எழுதித் தரவில்லை. இங்கே ஒரு மனிதர் தன்னிடம் வேலை செய்பவனுக்காக ரயிலேறி வந்து, இந்த வயதில் இலக்கணம் படிக்கிறார்.

"உக்காருங்க அங்கிள்," என்று மடிக்கணினியைத் திறந்தாள். "புதுசா எழுதிடலாம். 'பாலன் ஆல்வேஸ் வொர்க்ஸ் ஹார்ட். ஹி இஸ் நெவர் லேட். ஹி கிளாட்லி ஹெல்ப்ஸ் எவ்ரிபடி.' சரிதானே?"

"ரொம்பச் சரி டீச்சர். 'ஹானஸ்ட்லி'ன்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தீங்களே, அதையும் எங்கயாவது சேத்துடுங்க."

சேர்த்தாள். அதோடு விடவில்லை. சுகுமாறனிடம் ஹோட்டல் எண்ணை வாங்கி அவளே போன் போட்டாள். முதல் கடிதத்தில் நடந்தது வெறும் ஆங்கிலப் பிழை என்று அங்கிருந்த பெண் அதிகாரியிடம் விளக்கினாள். மறுமுனையில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை ஆளை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

செவ்வாய் மாலை சுகுமாறனிடமிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சர், எடுத்துக்கிட்டாங்க! நாளைக்கே சேரணுமாம். தங்க ரூமும் கொடுக்கறாங்களாம்!" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ரேஷ்மாவுக்கும் கண் கலங்கியது. "உங்கள மாதிரி ஒரு முதலாளி கெடைக்க அவர் கொடுத்து வச்சிருக்கணும் அங்கிள். சனிக்கிழமை கிளாசுக்கு வந்துடுங்க."

"பாக்கலாம் டீச்சர், கடைல ஆள் இல்ல," என்று சொல்லி போனை வைத்தார் சுகுமாறன்.

கிள்ளான் கடையின் சமையலறையில் அன்று எல்லோருக்கும் கேசரி. முந்திரி தாராளமாகப் போட்டுக் கிண்டியிருந்தாள் சமையல்காரி தங்கமணி. முதலாளிக்கு ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தவள், கல்லாவில் முதலாளியம்மா இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருவழியா முதலாளியம்மா மனசு நோகாம அவங்க தம்பியை அனுப்பி வச்சிட்டீங்க. ஆனா எங்க வேலை பர்மிட் பேப்பரெல்லாம் இங்கிலீஷ்ல எழுதித் தர்ற நீங்க, மொத லெட்டர்ல எப்படி முதலாளி இவ்ளோ தப்பு பண்ணீங்க?"

சுகுமாறன் ஒரு வாய் கேசரியை நிதானமாக விழுங்கினார்.

"மொத லெட்டர்ல தப்பே இல்ல தங்கமணி. ரெண்டாவதுதான் முழுசும் தப்பு."