நான் ஒருத்தன் மட்டும்

இசக்கிப்பாண்டிக்கு முதலில் துரோகம் செய்தது முதலாளி இல்லை. கூட வேலை பார்த்த மூக்கம்மாள்தான்.

போன கோடையில், "வெயில் ஏறிட்டா பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலையை நிறுத்திருங்க முதலாளி" என்று அவர் கேட்டார். முதலாளி ஹரிபிரசாத் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்கு வெயில் ஒண்ணும் செய்யலைங்க. அண்ணனுக்குத்தான் உடம்பு வணங்கலை" என்றாள் மூக்கம்மாள்.

மறுநாளே அவரை லோடு ஏற்றப் போட்டார்கள். வயசான காலத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனதுதான் மிச்சம்.

அதே மூக்கம்மாள் இன்று சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பெண்களோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் உச்சி வெயிலில் மருந்து தீப்பிடித்து, அவள் மகள் பாண்டிமீனாவின் கை வெந்துபோயிருந்தது.

"சங்கத்துக்கு ஆள் சேக்கிறீகளாமே அண்ணே? சேந்தா வேலையை விட்டு நிப்பாட்டிருவாகளோ?"

"அதுக்காக நிப்பாட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா சட்டம் தானா நடந்து வராது. நாமதான் கூடிப்போய்க் கூட்டியாரணும். அன்னைக்கு ஒத்தை ஆளா நின்னேன், லோடுக்குத் தள்ளிட்டாக."

மூக்கம்மாள் காதில் விழாததுபோல் சோற்றைப் பிசைந்தாள்.

"கம்பெனியையே மூடிருவாகன்னு பேசிக்கிடுதாகளே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தீபாவளி ஆர்டரைக் கையில வச்சிக்கிட்டு எவன் மூடுவான்? புத்தி வேண்டாமா?"

"கொடியைக் குடுத்து ரோட்டுல நிக்கச் சொன்னா? எங்க வீட்டுக்காரரு தொலைச்சிருவாரு" என்றாள் இன்னொருத்தி.

"நிக்கணுமா வேண்டாமான்னு நீங்கதான் கூடிப் பேசி முடிவெடுக்கணும். நான் சொல்லி நீங்க நிக்கிறதுன்னா, அதுக்கு இந்த முதலாளியே போதும்."

மூக்கம்மாள் கையைக் கழுவினாள். "எதுக்கண்ணே இம்புட்டுப் பொல்லாப்பு? முதலாளி தங்கமானவரு. ஆஸ்பத்திரிக்கே பழம் வாங்கிட்டு வந்து பாத்தாரு. நேராக் கேட்டா செய்வாரு."

"போயிக் கேளு. நானும் வாரேன், வேடிக்கை பாக்க."

ஹரிபிரசாத் தன் அறையில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். பாண்டிமீனாவின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"மதியத்துல மருந்து வேலை வேண்டாமுங்க. காலையிலேயே முடிச்சுக்கிடுதோம்" என்றாள் மூக்கம்மாள்.

முதலாளி பெருமூச்சு விட்டார்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா மூக்கம்மா? நான் ஒருத்தன் மட்டும் நிறுத்தினா ஆர்டரெல்லாம் அடுத்தவனுக்குப் போயிரும். இந்த ஊர்ல தனியா நின்னா நசுக்கிருவாங்க. எல்லாரும் ஒண்ணா நிக்கணும். அதுக்குத்தானே முதலாளிமார் சங்கம்னு ஒண்ணு வச்சிருக்கோம்? அங்க பேசிப் பாக்குறேன்."

எழுந்தவர்களைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

"ஆமா, ஏதோ சங்கம் கிங்கம்னு அலையறீங்களாமே? அதெல்லாம் நமக்கெதுக்கு? எதுன்னாலும் தனித்தனியா என்கிட்ட வாங்க."

வெளியே வந்ததும் மூக்கம்மாள் இசக்கிப்பாண்டி பக்கம் திரும்பினாள்.

"என் பேரை முதல்ல எழுதுங்கண்ணே."

"எழுதுறேன். போன கோடையில எனக்கு உடம்பு வணங்கலைன்னு சொன்னியே, அதுக்கு என்ன சொல்ற?"

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"அதை சங்கத்துல பேசிக்கிடலாம்."