இன்னும் மூணு இஞ்ச்

"விடு மாப்ளே. மூணு இஞ்ச் குறையுது."

தையல்காரர் இஞ்ச் டேப்பை மீனின் மூக்கிலிருந்து வால் நுனிவரை இழுத்துப் பிடித்திருந்தார். மீன் அவர் மைத்துனனின் கையில் துடித்துக்கொண்டிருந்தது.

"சட்டைக்கு அளவெடுக்கும்போது தொளதொளன்னு விடுறீங்க. மீனுக்கு மட்டும் இந்த இறுக்கம் எதுக்கு மாமா?"

"எப்படிப் பிடிச்சாலும் ஒன்பதுதான். நாம போட்ட சட்டம் பன்னிரண்டு. சங்கரா மீன் ஓர் அடிக்குக் கீழே இருந்தா குஞ்சு. குஞ்சைத் தின்னுட்டா நாளைக்கு எதைத் தின்பே?"

"போன வாரமும் ஒன்பது, போன வருஷமும் ஒன்பது. உங்க 'நாளை' எப்ப மாமா விடியும்?"

முணுமுணுத்துக்கொண்டே லாரி ஓட்டுநரான அந்த மைத்துனன் மீனைக் கடலில் விட்டான். சளக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் விடுமுறை நாளென்றால் இந்த அலைதடுப்புச் சுவரில் உட்கார இடம் கிடைக்காது. முழங்கையோடு முழங்கை இடிக்கத் தூண்டில் போடுவார்கள். பெரிய மீன் வருவது நின்றபோது, எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசியவர் தையல்காரர்தான். "சின்னதையெல்லாம் திருப்பி விடுங்கய்யா. கொஞ்ச வருஷம் பொறுத்தா முழங்கை நீளத்துக்கு வரும். நான் பொறுப்பு!" நம்பினார்கள். பிடிப்பதும் அளப்பதும் விடுவதுமாக ஆண்டுகள் போயின. முழங்கை நீளம் வரவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முடிதிருத்துபவர் மட்டும் சண்டை போட்டுவிட்டுப் போனார். அவர் பைக்குள் ஒளித்த குஞ்சு மீனைப் பிடுங்கித் தையல்காரர் கடலில் எறிந்துவிட்டார். அன்றிலிருந்து தையல்காரருக்கு முடி வெட்டுவது மனைவிதான், துணி வெட்டும் கத்தரியால்.

மிச்சமிருப்பது மைத்துனன் ஒருவன். அவனும் இன்று சுவரில் ஏறும்போதே சொல்லிவிட்டான்.

"மாமா, ஓர் அடி மீன் ஒண்ணே ஒண்ணைக் கண்ணால பார்த்துட்டா அடுத்த வாரமும் வர்றேன். இல்லேன்னா இன்னையோட தூண்டிலைத் தூக்கிப் போட்டுடுவேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அந்த மனுஷனையும் கையோட கூட்டிட்டு வந்துடு'ன்னா."

தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக உட்காருவது அவருக்குப் பெரிதில்லை. இவனும் போய்விட்டால், ஊரைக் கூட்டி அவர் சொன்னது பொய் என்றாகிவிடும். அதுதான் நெஞ்சை அறுத்தது.

அப்போது அவருடைய தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது.

"மாமா, கனமா இருக்கு போல! விடாதீங்க!"

மளமளவென்று சுற்றினார். மேலே வந்தது அதே சங்கரா, அதே ஒன்பது. அளக்கவே தேவையில்லை. போதாக்குறைக்குத் தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. மெல்ல மெல்ல எடுத்துப் பார்த்தார். செவுளிலிருந்து ரத்தம் கசிந்தது. வாளித் தண்ணீரில் விட்டார். அது புரண்டு, வயிற்றைக் காட்டி மிதந்தது.

"கைக்குழந்தையைக் கொன்னுட்டேன் மாப்ளே."

"தெரிஞ்சா செஞ்சீங்க? செத்ததுதானே, வீட்டுக்காவது எடுத்துட்டுப் போலாம்."

"வாயை மூடு. செத்தாலும் குஞ்சு குஞ்சுதான்."

சுவரின் மறுமுனையில் கடல் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்துக்கொண்டிருந்த பெண் சத்தம் கேட்டு வந்தாள். மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாம்.

"ஐயா, அதை எனக்குக் குடுங்களேன். வயசு பார்க்கலாம்."

"மீனுக்கு ஜாதகமே பார்ப்பீங்க போல!" என்றான் மைத்துனன்.

"காதுக்குள்ளே ஒரு சின்னக் கல் இருக்கும். மரத்துல வளையம் இருக்கும்ல, அது மாதிரி இதுலேயும் வருஷத்துக்கு ஒண்ணு."

தையல்காரர் மீனை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

"பாரும்மா. நான் சொன்னா இவன் நம்ப மாட்டான். இன்னும் எவ்வளவு காலம் பொறுத்தா இதுங்க ஓர் அடி வரும்னு நீயே சொல்லு."

"சொல்லுங்க, ரெண்டு வருஷம்னாலும் பரவாயில்ல. இந்த மனுஷனுக்காக உக்காந்து தொலைக்கிறேன்" என்றான் மைத்துனன்.

தையல்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

அவள் மீனின் தலையைக் கீறி, அரிசி போன்ற ஒரு கல்லை எடுத்தாள். அதை இரண்டாக உடைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்து உதடு அசைய எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு அடுத்த காதிலிருந்த கல்லையும் எடுத்து உடைத்தாள்.

"என்னம்மா, எண்ணிக்கிட்டே இருக்கே? ரொம்பச் சின்னக் குஞ்சா? போன வருஷம் பிறந்ததா?"

அவள் லென்ஸை இறக்கினாள். ஆனால் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இருபது வளையம் இருக்கு ஐயா, இது குஞ்சு இல்ல, கிழவி. பெருசா வளர்ற வம்சத்தை நாம எப்பவோ பிடிச்சுத் தீர்த்துட்டோம். மிஞ்சினது இந்தக் குட்டை வம்சம்தான், எத்தனை வருஷம் பொறுத்தாலும் இதுக்கு மேலே வளராது."